ஒன்பது அங்குல மூச்சுவெளி

ஊருக்கு முகம் சரியில்லை என்று மேலிடம் கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள், எண்பத்து இரண்டாம் ஆண்டு திருவண்ணாமலையில் கடை வைத்திருந்த யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். சொல்வார்கள். சொல்வதற்கு முன் கொஞ்சம் திட்டுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டுதான் 'கோயில் நகர வணிகக் கட்டட முகப்பு ஒழுங்கு வாரியம்' பிறந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் ஜனங்கள் முகப்பு வாரியம் என்றார்கள். எங்கள் தெருவில் அறுபத்திரண்டு வணிகக் கட்டடங்கள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சுண்ணாம்பையே பார்த்ததில்லை. இப்படி ஆளுக்கொரு முகத்தோடு நிற்பது ஒழுங்கீனம் என்று வாரியம் தீர்மானித்தது. இனி அறுபத்திரண்டுக்கும் ஒரே முகம். சவுக்குக் கட்டையில் சட்டம். சட்டத்தின் மேல் ஹார்டுபோர்டு அட்டை. அட்டையில் தூணும் யாளியும் வரைந்து கல் நிறத்தில் பெயிண்ட். அத்தனை பெரிய மலை நிஜக் கல்லாகவே நிற்கிற ஊரில், அட்டைக்குக் கல் நிறம் அடித்தார்கள். மலை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பொறுமை ஜாஸ்தி.

அட்டைகள் வேலூரில் செய்யப்பட்டு லாரியில் வந்தன. யாரும் இங்கே வந்து அளவெடுத்திருக்கவில்லை. மாட்டப் போனால் ஒவ்வொரு மாடியிலும் நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடு இடித்தது. அட்டையை வெட்டுவதா, சன்ஷேடை உடைப்பதா? அட்டை அரசாங்கச் சொத்து. சன்ஷேடு குடிமக்கள் சொத்து. சன்ஷேடை உடைத்தார்கள்.

உடைத்த பிறகும் அட்டை சுவரோடு ஒட்டவில்லை. சட்டத்தைத் தாங்கிய மரமுளைகளைத் தச்சர் நீளமாக அறுத்துவிட்டார். அதனால் அட்டைக்கும் சுவருக்கும் நடுவே, தரையிலிருந்து மொட்டைமாடி வரை, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சந்து விழுந்தது. தப்பு என்று ஒத்துக்கொண்டால் யார் மேலாவது நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆகவே வாரியம் அந்தத் தப்பை விதியாக்கிவிட்டது. விதி பதினான்கு: முகப்புக்கும் சுவருக்கும் இடையே ஒன்பது அங்குல மூச்சுவெளி, அடியிலிருந்து நுனிவரை, எவ்விதத் தடையுமின்றி இருத்தல் வேண்டும். முகப்பு மூச்சு விட வேண்டுமாம். பின்னால் குடியிருக்கிற ஜனங்கள் மூச்சு விடுவது பற்றி விதி ஏதுமில்லை.

கற்பூரக்கடை காசியின் கட்டடத்துக்கும் இந்த முகம் வந்தது. கீழே காசியின் கடை. கூரை முட்டக் கற்பூரமும் சாம்பிராணியும் அடுக்கியிருக்கும். முதல் மாடியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. இரண்டாவது மாடியில் கஸ்தூரி தட்டச்சுப் பயிலகம். கஸ்தூரி கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து, பதினான்கு மெஷின்களை வைத்து, ஒரு நாளைக்கு ஆறு பேட்ச் பெண்களுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். முப்பத்து நாலு வயது. கையில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச். அதற்கும் மேலே மொட்டைமாடி. தீபத்தன்று அந்த மொட்டைமாடியில் நின்றால் மலையுச்சி நேராகத் தெரியும். அதனால் வருஷா வருஷம் பயிலகத்துப் பெண்கள் அம்மா, தங்கை, கைக்குழந்தை என்று நூறு பேருக்குக் குறையாமல் ஏறிவிடுவார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே படிக்கட்டு, அதுவும் தெருப்பக்கம், முகப்பை ஒட்டி.

அட்டை வந்த பிறகு ஜன்னலைத் திறந்தால் தெரு தெரியாது. சந்துதான் தெரியும். பகலிலும் டியூப்லைட் போட்டுக்கொண்டு தட்டச்சு அடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காசி கடையில் சாம்பிராணி போட்டார். கீழே அவர் இருமுவது கேட்டது. கேட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கஸ்தூரியின் வகுப்பு புகையால் நிறைந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஸ்டாப் வாட்சோடு நின்றாள். இருமலுக்கும் புகைக்கும் நடுவே பதினோரு விநாடி. மூன்றாவது வெள்ளிக்கிழமை புகையோடு ஒரு பொறியும் வந்தது. வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாவணியில் இறங்கி, பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டது.

அந்தப் பெண்ணின் அப்பா தருமன் தீயணைப்பு வண்டியில் இருபது வருஷம் போனவர். மறுநாள் வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கீழே பார்த்தார், மேலே பார்த்தார்.

"டீச்சர், இது சந்து இல்ல, பொகக்கூண்டு. கீழ கற்பூரம் பத்திக்கிச்சின்னா மேல வர்றதுக்கு நிமிசம் கூட ஆவாது. மொட்டமாடியில இருக்கறவங்க எப்பிடி எறங்குவாங்க?"

"இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பெருசா இல்ல. மாடிக்கு மாடி குறுக்கால கடப்பக் கல்லு வெச்சி கலவ பூசிடுங்க. நெருப்புக்கு ஏணிப்படிய எடுத்துட்டாப்புல. ஒரு கொத்தனாருக்கு அர நாள் வேல. சன்ஷேட ஒடைக்காம இருந்தா அதுவும் வேணாம்."

அரை நாள் வேலை. அதற்குக் கஸ்தூரி அனுமதி கேட்கப் போனாள். அங்கேதான் தப்பு பண்ணினாள்.

வாரிய அலுவலகம் வேங்கிக்கால் போகிற வழியில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. அதற்கு முகப்பு கிடையாது. முகப்பு வைக்கச் சொல்கிற அலுவலகத்துக்கு முகப்பு தேவையில்லை என்று விதி இருந்தது. அங்கே கோதண்டராமன் என்ற எழுத்தர் இருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதால் பதினெட்டு வருஷமாக எழுத்தராகவே இருந்தார்.

"முகப்பப் பத்தி புகார்னா முகப்புப் பிரிவு, அந்த மேஜைங்க. சுவரப் பத்தின்னா சுவர்ப் பிரிவு, இந்த மேஜை. உங்க பிரச்சின எதுல?"

"ரெண்டுக்கும் நடுவுல சார்."

கோதண்டராமன் இரண்டு மேஜைகளையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடைதான் சாய்ந்திருந்தது. அவருக்கு அன்று என்ன தோன்றியதோ, மனுவின் ஓரத்தில், 'இந்த ஒன்பது அங்குலம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?' என்று ஒரு கேள்வியை எழுதி வேலூருக்கு அனுப்பிவிட்டார்.

அலுவலகத்தில் கேள்வி கேட்கக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூச்சுவெளிப் பிரிவு என்று ஒரு பிரிவு தொடங்கப்படுகிறது; அதன் அலுவலராகக் கேள்வி கேட்ட கோதண்டராமனே நியமிக்கப்படுகிறார்; அலுவலர் தம் ஆட்சி எல்லைக்குள் அமர்ந்து பணியாற்ற வேண்டும். ஆட்சி எல்லை ஒன்பது அங்குலம். வாரியம் கொடுத்த நாற்காலி பதினெட்டு அங்குலம். வேலூருக்கு மறுபடி எழுதிக் கேட்டார்கள். எல்லையை ஒட்டிய மிக அருகிலுள்ள இடத்தில் நாற்காலியைப் போடலாம் என்று சலுகை கிடைத்தது. இப்படியாகக் கஸ்தூரியின் வகுப்பில், ஜன்னலோரம் ஒரு மெஷினைத் தூக்கிவிட்டு, அரசாங்க நாற்காலி ஒன்றும் மேஜை ஒன்றும் வந்து உட்கார்ந்தன. பதினான்கு மெஷின் பதின்மூன்றாயிற்று.

கோதண்டராமன் தினமும் பத்து மணிக்கு வருவார். ஜன்னலைத் திறந்து சந்தைப் பார்ப்பார். பதிவேட்டில் 'மூச்சுவெளி உள்ளது. தீ இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஐந்து மணிக்கு ஜன்னலை மூடுவார். நடுவில் பெண்களின் தட்டச்சுச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவார்.

"சார், கல்லு வெக்க பர்மிசன் இன்னா ஆச்சு?"

"கல்லு வெச்சா சந்து இல்லாம பூடும் டீச்சர். சந்து இல்லன்னா பிரிவு இல்ல. பிரிவு இல்லன்னா இத்தப் பார்த்துக்க ஆளு இல்ல. அதனால சந்த அடைக்கறதுக்கு இந்தப் பிரிவு சிபாரிசு பண்ண முடியாதுன்னு மேலருந்து வாய்மொழியா சொல்லிட்டாங்க."

"அப்ப இந்தப் பிரிவு எதுக்கு?"

அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "உங்க மனுவுக்குத்தாங்க."

கஸ்தூரியின் மனு மீதான விசாரணைக்கு வாரியச் செயலாளரே வேலூரிலிருந்து ஜீப்பில் வந்தார். பெயர் சக்கரவர்த்தி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டிருந்தார். விசாரணை காசியின் கடை வாசலில் நடந்தது. பந்தல், மைக், எலுமிச்சம்பழம். கஸ்தூரி ஸ்டாப் வாட்ச் கணக்கைச் சொன்னாள். தாவணியைக் காட்டினாள். செயலாளர் தாவணியின் ஓட்டையை அங்குலத்தில் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பொதுமக்களே! தீ வரும் என்று இந்த அம்மையார் எட்டு மாதமாகச் சொல்லி வருகிறார். வந்ததா? வரவில்லை. ஏன் வரவில்லை? வாரியம் இருப்பதால் வரவில்லை! தீக்குத் தடை போட வேண்டும் என்கிறார். தடை போட்டால் என்ன அர்த்தம்? தீ உண்டு என்று வாரியமே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாம் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்கு நாம் எப்படித் தடை போட முடியும்? இன்னொன்று. அம்மையார் பின்னால் இருந்துகொண்டு பார்க்கிறார். முகப்பு என்பது முன்னால் நின்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. முன்னால் நின்று பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. நானே ஜீப்பில் இருந்தபடி பார்த்தேன்."

கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் வாரிய ஊழியர்கள். கடைக்காரர்கள் தலை குனிந்து நின்றார்கள். முகப்பு உரிமம் இல்லாமல் கடை திறக்க முடியாது. உரிமம் சக்கரவர்த்தியின் பையில் இருந்தது. கஸ்தூரி அதற்கு முந்தின வாரம் தன் மனுவில் அவர்களிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டடத்து லாட்ஜ்காரர் ராமதாஸ், அவள் வருவதைப் பார்த்துவிட்டு, தம் லாட்ஜிலேயே ஒரு ரூமில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கூட்டம் முடிகிற நேரத்தில்தான் செயலாளர் அந்த அறிவிப்பைச் செய்தார். வருகிற கார்த்திகை தீபத்தன்று முகப்புகளுக்குத் திறப்பு விழா. அதற்காக 'உள்ளொளித் திட்டம்'. அட்டையில் துளை போட்டு, மூச்சுவெளிக்குள் கட்டடத்துக்கு நூற்றெட்டு அகல் விளக்கு. வெளியிலிருந்து பார்த்தால் முகப்பே உள்ளிருந்து ஒளி வீசும்.

"சந்துக்குள்ள வெளக்கா?" என்றாள் கஸ்தூரி.

"தீபத்தன்று விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்கிறீர்களா அம்மா?" என்று செயலாளர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அவளும் வீட்டில் இருபத்தேழு விளக்கு வைக்கிறவள்தான்.

தீபத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கஸ்தூரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், அடிப்பாள். மெஷினைச் சொல்கிறேன். மறுநாள் முதல் பயிலகத்தில் வேகப் பயிற்சிக்குப் புத்தகத்தை மூடிவிட்டாள். பயிற்சிப் பாடம் ஒன்றே ஒன்று: 'ஐயா, காசி கட்டடத்தின் முகப்புக்குப் பின்னுள்ள இடைவெளியில் மாடிக்கு மாடி கல் வைத்து அடைக்க அனுமதிக்குமாறு...' பதின்மூன்று மெஷின், ஆறு பேட்ச். நாளொன்றுக்கு எழுபத்தெட்டு மனு. ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வொரு பெண்ணின் கையெழுத்து. மனு என்று வந்துவிட்டால் அதற்கு எண் போட்டு, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தே ஆக வேண்டும். வாரியத்தில் முத்திரை குத்துகிறவருக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. பெண்களுக்கு நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை வேகம் வந்தது. பிழை கம்மி.

நாற்பது நாளில் மூவாயிரம் மனுவைத் தாண்டியது. வாரியம் அசைந்துகொடுக்கும் என்று கஸ்தூரி நினைத்தாள். அசைந்தது. இத்தனை மனுக்களை வைக்க ஓட்டு வீட்டில் இடமில்லை என்று வேலூருக்கு எழுதினார்கள். எந்தப் பொருள் பற்றிய மனுவோ அந்தப் பொருளுக்குரிய ஆட்சி எல்லைக்குள் அதை வைக்கலாம் என்று உத்தரவு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு ஊழியர்கள் மொட்டைமாடியிலிருந்து கயிறு விட்டு, மூவாயிரம் மனுவையும் கட்டுக் கட்டாகச் சந்துக்குள் தொங்கவிட்டுப் போனார்கள்.

கஸ்தூரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கீழே கற்பூரம். அதற்கு மேல் பஞ்சு. சந்து முழுக்கக் காய்ந்த காகிதம், அவளும் அவள் பெண்களும் அடித்த காகிதம். இன்னும் பத்து நாளில் நடுவே நூற்றெட்டு விளக்கு. மேலே மொட்டைமாடியில் குழந்தையும் குட்டியுமாக நூறு பேர். மனு போடப் போட விறகு சேருகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி ஒரு வரி எழுதினாலும் அது நெருப்புக்குப் போடும் சோறு.

"பொண்ணுங்களா, மெஷின மூடுங்க. இனிமே மனு கெடையாது" என்றாள்.

தீபத்துக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு, சந்தைக் கூட்டம் போலத் தெரு நிறைந்திருக்கும்போது, கொத்தனார் வேடியப்பன் ஏணியைக் கொண்டுவந்து முகப்பின் மேல் சாத்தினார். மாட்டுவண்டியில் ஒன்பது அங்குல அகலத்துக்கு அறுத்த கடப்பைக் கற்கள் வந்திறங்கின. ராத்திரியில் ரகசியமாகச் செய்துவிடலாம் என்று காசி கெஞ்சிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, பகல்ல வேணாம்மா. என் லைசன்ஸ புடுங்கிடுவாங்க."

"திருட்டு வேல பண்றவங்கதான் ராத்திரியில பண்ணணும் அண்ணே. நாம எதுக்கு ஒளியணும்? கேட்டா நான்தான் செஞ்சேன், உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

காசி கல்லாவைப் பூட்டினார். பிறகு எழுந்து வந்து கலவைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

கோதண்டராமன் பத்து மணிக்கு வந்து, ஏணியைப் பார்த்து, கல்லைப் பார்த்து, கடைசியாகக் கஸ்தூரியைப் பார்த்தார். தம் ஆட்சி எல்லையைக் காப்பாற்ற வேண்டிய கடமை அவருக்கு இருந்தது.

"நான் டீ சாப்ட்டுட்டு வரேன் டீச்சர்" என்றார். "அடி அண்ணாமலையில ஒரு கடையில டீ நல்லா இருக்கும். நடந்து போய்ட்டு வர்றதுக்கு மத்தியானம் ஆயிடும்."

முதலில் காகிதக் கட்டுகளைச் சந்திலிருந்து இழுத்துத் தெருவில் போட்டார்கள். பிறகு வேடியப்பன் மாடி மட்டத்துக்கு ஒரு வரிசை அட்டையைக் கழற்றினார். சன்ஷேடை உடைத்த தழும்பு சுவரில் அப்படியே இருந்தது. அந்தத் தழும்பிலேயே இரும்பு முளை அடித்து, குறுக்கே கல்லை வைத்து, இண்டு இடுக்கில்லாமல் கலவை பூசினார். முதல் மாடிக்கு ஒன்று, இரண்டாவது மாடிக்கு ஒன்று, மொட்டைமாடி மட்டத்தில் ஒன்று. பெண்கள் சங்கிலியாக நின்று கல் எடுத்துக் கொடுத்தார்கள். தருமன் வந்து ஒவ்வொரு மூட்டையும் விரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. ஒன்றே முக்காலுக்கு ஜீப் வந்தது.

"யாருடைய அனுமதியின் பேரில்?" என்று சக்கரவர்த்தி ஜீப்பில் இருந்தபடி கேட்டார்.

"என்னோடதுதான்" என்றாள் கஸ்தூரி.

உடனே கல்லைப் பெயர்க்கச் சொன்னார். பெயர்த்தால் அட்டை கிழியும் என்றார் வேடியப்பன். கிழிந்தால் நாளைக்குள் பெயிண்ட் காயாது என்றார்கள் ஊழியர்கள். விழாவில் போட்டோ எடுக்க மதராஸிலிருந்து ஆள் வருகிறார். யாளி மூக்கில்லாமல் நிற்பதா? சக்கரவர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு, அட்டையைத் திரும்ப மாட்டச் சொன்னார். விழா முடியட்டும், பிறகு கல்லையும் இந்த அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மேல் மாடிகளில் கஸ்தூரி விளக்கு வைக்க விடவில்லை. ஜன்னலுக்கு ஒரு பெண்ணாக உட்காரவைத்துவிட்டாள். கீழே, காசியின் கடையை ஒட்டிய பகுதியில் மட்டும் முப்பத்தாறு விளக்கு வைத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம். தெருவில் நாற்காலி போட்டு வாரியத்தார் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஆறு ஊழியர்கள், ஆறு வாளி மணல். முகப்பு ஒளி வீசியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மொட்டைமாடியில் நூற்று இருபது பேர். கஸ்தூரி படிக்கட்டின் தலைமாட்டில் நின்றாள்.

ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்தது. இந்த ஊரில் அந்த நிமிஷத்தில் மலையைப் பார்க்காத கண் ஏது? "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று தெரு முழுவதும் ஒரே குரலாய்த் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டது. சக்கரவர்த்தி கும்பிட்டார். ஆறு ஊழியர்களும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். மலையைப் பார்க்க வேண்டுமானால் காசி கட்டடத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். விளக்குக்குக் காவல் ஆறு பேர் என்று எழுதிய வாரியத்துக்கு, ஆறு பேரும் இந்த ஊர்க்காரர்கள் என்பது தோன்றாமல் போய்விட்டது.

எத்தனை நேரம் கும்பிட்டார்கள் என்பதைக் கஸ்தூரியின் ஸ்டாப் வாட்ச் கூடச் சொல்லாது. அவளும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் சூடு பட்டுத்தான் செயலாளர் திரும்பினார். கீழ்ச் சந்தில், படிவாசலுக்கு மறுகோடியில், அட்டை பற்றி, யாளிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துச் சுருண்டுகொண்டிருந்தன. நெருப்பு சந்துக்குள் சீறி ஏறியது. ஏறி, முதல் மாடிக் கடப்பைக் கல்லில் போய் முட்டியது. முட்டி, அகலமாகப் பரந்து, வேறு வழி தேடிப் பார்த்தது. வழி இல்லை. மேலே பஞ்சுக் கடையின் ஜன்னல் கண்ணாடி சூடேறியதோடு சரி.

"யாரும் ஓடாதீங்க! கொழந்தைங்க முன்னால, ரெண்டு ரெண்டு பேரா!" கஸ்தூரியின் குரல் வகுப்பில் வேகப் பயிற்சிக்கு எண்ணுகிற குரல்தான். நூற்று இருபது பேரும் இறங்கி முடிக்க ஏழு நிமிஷம் ஆனது. தருமனும் அவர் ஆட்களும் வந்து, கீழ் அட்டையைப் பிய்த்துப் போட்டுத் தண்ணீர் அடித்தார்கள். காசி இரண்டு பெட்டி கற்பூரத்தை மட்டும் இழந்தார். ஒருவருக்கும் ஒரு காயமில்லை. கடைசிக் குழந்தை இறங்கிய பிறகுதான் கஸ்தூரி படியில் உட்கார்ந்து அழுதாள். பயத்தினால் இல்லை, கோபத்தினால். அந்த ஏழு நிமிஷத்தை அவளுக்கு யாரும் அனுமதித்திருக்கவில்லை.

நாலாம் நாள் ஓட்டு வீட்டில் விசாரணை. சக்கரவர்த்தி அவள் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தார். இந்த முறை குரலில் தேன்.

"அம்மா, முதல் காகிதம் குற்றப்பத்திரிகை. விதி பதினான்கை மீறியது, மூச்சுவெளியை அடைத்தது, அரசு ஆவணங்களை வெளியே எறிந்தது. கையெழுத்துப் போட்டால் பயிலகத்தை மூட வேண்டும். அது வேண்டாம். இரண்டாவதைப் படியுங்கள்."

இரண்டாவது காகிதத்தில், வாரியத்தின் வாய்மொழி உத்தரவின்படியே கஸ்தூரி கல் வைத்தாள் என்றும், அதே போல அறுபத்திரண்டு கட்டடங்களிலும் வாரியம் தீத்தடுப்புக் கற்களை அமைத்துவிட்டது என்றும் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இதில் போட்டால் பயிலகம் நடக்கும். வருகிற குடியரசு தினத்தில் உங்களுக்குப் பொன்னாடையும் உண்டு."

கஸ்தூரி இரண்டு முறை படித்தாள். பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில்.

"மத்த அறுபத்தோரு கட்டடத்துல கல்லு எங்க சார் இருக்குது?"

"அறிக்கையில் இருக்கிறது."

"அந்த லாட்ஜுல பௌர்ணமிக்குப் பௌர்ணமி எரநூறு பேரு படுக்கறாங்க சார். அவங்க அறிக்கையிலயா படுத்திருக்காங்க?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். உங்கள் கட்டடம் பிழைத்தது. உங்கள் பெண்கள் பிழைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் பிழைக்கிற வழியைப் பாருங்கள்."

ஓரத்து மேஜையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கோதண்டராமனின் பேனா நின்றது.

கஸ்தூரி இரண்டாவது காகிதத்தை மடித்து, செயலாளரின் பக்கமே தள்ளினாள். முதல் காகிதத்தை இழுத்து, குற்றவாளி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதன் கீழே, 'மறுபடியும் செய்வேன்' என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

"மூணு காப்பி வேணுமா சார்?" என்று கேட்டாள். எழுந்து வந்துவிட்டாள்.

அவள் தெருவுக்குத் திரும்பியபோது பதினொரு மணி. லாட்ஜ் வாசலில் வேடியப்பனின் மாட்டுவண்டி நின்றது. ராமதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் முகப்பில் முதல் மாடி மட்டத்து அட்டைகளைத் தாமே பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். பிய்த்ததில் அவர் கட்டைவிரலில் ரத்தம்.

"கையெழுத்துக்குத்தான் ஒளிஞ்சிக்கினேன் டீச்சர்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எந்த மட்டத்துல வெக்கணும்னு நீயே ஏறிப் பாத்து சொல்லும்மா."

கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினாள். எதிர்ச்சாரியில் பாத்திரக் கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய் அவரும் ஒரு ஏணியோடு வந்தார். மத்தியானத்துக்குள் தெருவில் ஏழு ஏணி. மூன்று மணிக்குப் பத்தொன்பது.

விதி மீறுகிறவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வரும்படி செயலாளர் கோதண்டராமனை அனுப்பினார். அவர் நோட்டோடு வந்து லாட்ஜ் வாசலில் ஆரம்பித்தார். முதல் பெயர், இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். நிமிர்ந்து பார்த்தார். ஏணிகள் தெருக்கோடி வரைக்கும் நின்றன, இன்னும் வந்துகொண்டிருந்தன. நாலாவது கட்டடத்தில் ஒரு கிழவர் தனியாக ஏணியில் ஏறத் தடுமாறிக்கொண்டிருந்தார். கோதண்டராமன் நோட்டை மூடிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.